பழைய சோபாவுக்குப் புது உறை

பலசரக்குக் கடைக்காரருக்குச் சோபாவைப் பற்றி என்ன பாடம் என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது. வீட்டுச் சோபா நைந்துவிட்டது என்றதும், தீபாவளிச் சரக்குக்கு ஒதுக்கிய பணத்தை எடுத்தோ, தவணைக்குக் கையெழுத்திட்டோ புதுச் செட் இறக்கிவிடுகிறோம். கடையில் சரக்கு குறைந்தால் அன்றாட வரவு குறையும். சோபாவோ ஒரு பைசா ஈட்டித் தராது. மரச்சட்டம் உறுதியாக இருந்தால் உறை மாற்றினாலே போதும்.

முதலில் சோதனை

சோபாவைக் கவிழ்த்துப் பார்க்க வேண்டும். மூட்டுகள் ஆடுகின்றனவா, கரையான் மண் தெரிகிறதா, ஸ்பிரிங்கும் ஆணியும் துருப்பிடித்திருக்கின்றனவா என்று கவனிப்போம். உப்பளக் காற்று வீசும் நம் தூத்துக்குடியில் இரும்பு விரைவில் துருவேறும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டியது. நம் ஊரிலும் வீடு, கடை, குடோன் எல்லாம் நீரில் நின்றன. அவ்வாறு சாக்கடை கலந்த நீரில் ஊறிய குஷனை, மேலே காய்ந்திருக்கிறது என்று நம்பி உறை போடக் கூடாது. உள்ளே பூஞ்சணம் இருக்கும். வீட்டில் இழுப்பு நோய் உள்ளவர்களுக்கு அது கேடு. சாக்கை மாற்றினால் வண்டு விழுந்த பருப்பு நல்ல பருப்பாகிவிடுமா? பழைய ஃபோமைத் தள்ளிவிட்டுப் புது ஃபோம் வைத்த பிறகே உறை.

அளவும் கணக்கும்

22 அங்குலச் சதுரமும் 4 அங்குலக் கனமும் உள்ள குஷனை எடுத்துக்கொள்வோம். தையலுக்குப் பக்கத்துக்கு அரை அங்குலம் விட்டால் மேல், கீழ்த் துண்டுகள் 23 அங்குலம். 54 அங்குல அகலத் துணியில் இரண்டும் அருகருகே அடங்கும். சுற்றுப் பட்டைக்கு 5 அங்குலத்தில் இரண்டு கீற்று, அதாவது 10 அங்குலம். மொத்தம் 33 அங்குலம். ஆகவே குஷனுக்கு ஒரு கெஜம். எல்லாம் இதே அளவென்றால் பத்துக் குஷனுக்குப் பத்துக் கெஜம், ஒன்பது மீட்டருக்குச் சற்று அதிகம்.

பருத்தித் துணியை வெட்டுமுன் நனைத்துக் காயவைக்க வேண்டும். 50 சென்டிமீட்டர் துண்டு துவைத்தபின் 48 ஆனால் 4 சதவீதச் சுருக்கம். ஒரு கெஜம் 34½ அங்குலமாகும். அப்போதும் நம் 33-க்குக் குறைவில்லை. நனைக்காமல் தைத்தால் முதல் துவைப்பிலேயே உறை ஏறாது.

துணித் தேர்வு

கரூரின் திரைச்சீலை, மேஜைத் துணி, படுக்கை விரிப்பு வகைகள் நம் துறைமுகம் வழியே வெளிநாடு போகின்றன. அத்தகைய கெட்டி நெசவுப் பருத்தி உறைக்கு ஏற்றது. இன்றைய பாணி பெரும் பூப்போட்ட துணியை விட்டு, மணல், சாம்பல், நீலம் போன்ற ஒற்றை நிறத்தை நாடுகிறது. மிக வெளிறியது வேண்டாம்; கடையிலிருந்து வரும் நம் வேட்டியில் எண்ணெயும் மிளகாய்த் தூளும் இருக்கும். உலோக ஜிப் துருப்பிடித்துக் கறை விடும். நாடாவோ வெல்க்ரோவோ நல்லது.

தலை சாயும் இடத்துக்குத் தனித்துண்டு தைத்துக்கொள்ளலாம். 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ஆண்கள் மக்காசர் எண்ணெய் தடவியதால், நாற்காலி முதுகில் ‘ஆன்டிமக்காசர்’ என்ற துண்டைப் போட்டார்கள். தேங்காய் எண்ணெய் தடவும் நமக்கும் அதே உபாயம் பொருந்தும்.

ஆயத்த உறை

கடைகளில் கிடைக்கும் இழுவைத் துணி உறை, முழுதும் மெத்தை தைத்த சோபாவுக்கு ஓரளவு பொருந்தும். தேக்குக் கை வைத்த சோபாவுக்குப் பொருந்தாது; சுருக்கம் விழுந்து நழுவும். அதற்குத் தையல்காரரை வீட்டுக்கே அழைத்து அளவெடுக்கச் சொல்வதே சரி. முதலில் ஒரு குஷனுக்கு மட்டும் தைத்துப் போட்டுப் பார்த்து, பிறகு மற்றவற்றை வெட்டச் சொல்வோம்.

துணி, தையல், ஃபோம் மூன்றுக்கும் தனித்தனி விலை எழுதி வாங்குவோம். கூட்டுத்தொகை புதுச் செட்டின் பாதி விலையைத் தாண்டினால் மறுபடி யோசிப்போம். தாண்டாவிட்டால் மிச்சப் பணம் சரக்காகக் கடையில் ஏறட்டும்.