ரிசீவ் வேறு, அக்செப்ட் வேறு



லாரியில் சரக்கு வந்தால் டெலிவரி சலானில் கையெழுத்துப் போடுகிறோம். அதில் அச்சிட்டிருப்பது ‘ரிசீவ்டு’ என்ற சொல்லா, ‘அக்செப்டட்’ என்ற சொல்லா என்று நம்மில் பலர் கவனிப்பதில்லை. இரண்டையும் ‘வாங்கிக்கொண்டோம்’ என்றே எண்ணிவிடுகிறோம்.

ரிசீவ் என்றால் பெறுதல். பொருள் நம் கைக்கு வந்தது என்பது மட்டுமே அதன் அர்த்தம். நம் விருப்பம் அதில் இல்லை. வேண்டாத நோட்டீசையும் நாம் ரிசீவ் செய்கிறோம். அக்செப்ட் என்றால் ஏற்றல். அதில் நம் சம்மதம் இருக்கிறது. ரிசீவுக்கு எதிர்ச்சொல் செண்ட். அக்செப்டுக்கு எதிர்ச்சொல் ரிஜெக்ட். வித்தியாசம் இங்கேயே விளங்கும்.

இலக்கணம்: இரண்டும் செயப்படுபொருள் வேண்டும் வினைகள். யாரிடமிருந்து என்பதற்கு ‘ஃப்ரம்’ வரும். நம் ரசீதுப் புத்தகத்தில் உள்ள ‘ரிசீவ்டு வித் தாங்க்ஸ் ஃப்ரம்’ இதுவே. பெயர்ச்சொற்கள் ரிசீட், அக்செப்டன்ஸ். ‘பணம் தரச் சம்மதித்தார்’ என்பதற்கு ‘அக்செப்டட் டு பே’ என்று எழுதுவது பிழை; ‘அக்ரீட் டு பே’ என்பதே சரி.

‘வி ரிசீவ்டு தி குட்ஸ், பட் டிட் நாட் அக்செப்ட் தெம்.’ சரக்கு வந்தது, ஆனால் ஏற்கவில்லை என்பது இதன் பொருள். இதில் முரண்பாடு ஏதுமில்லை.

1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டமும் இப்படித்தான் பிரிக்கிறது. சரக்கைப் பரிசோதிக்க நியாயமான வாய்ப்புக் கேட்க 41-ஆம் பிரிவு உரிமை தருகிறது. 42-ஆம் பிரிவின்படி, ஏற்றதாகத் தெரிவித்தாலோ, சொந்தச் சரக்குபோல விற்கத் தொடங்கினாலோ, நியாயமான காலத்துக்குள் மறுப்புத் தெரிவிக்காமல் வைத்துக்கொண்டாலோ, ஏற்றதாகவே கருதப்படும். அதன்பின் பொதுவாக நஷ்டஈடு கேட்கலாமே தவிர, சரக்கைத் தள்ள முடியாது. தக்க காரணத்தோடு மறுத்தால், திருப்பி அனுப்பும் பொறுப்பும் நமக்கில்லை. மறுப்பைத் தெரிவித்தால் போதும் என்கிறது 43-ஆம் பிரிவு.

ஆடி மாதத்தில் பவானி அம்மன் கோயிலுக்கு வரும் கூட்டத்தில், நம் பெரியபாளையம் கடைகளில் மூட்டையைப் பிரித்துப் பார்க்க நேரம் இருக்காது. செங்குன்றத்திலிருந்து அரிசி வந்தாலும், சென்னையிலிருந்து மளிகை வந்தாலும், சலானில் ‘ரிசீவ்டு, சப்ஜெக்ட் டு இன்ஸ்பெக்‌ஷன்’ என்று எழுதி, தேதியிட்டுக் கையெழுத்திடுவோம். பரிசோதனைக்கு உட்பட்டுப் பெற்றோம் என்பது பொருள். குறை இருந்தால் தாமதிக்காமல் எழுத்தில் தெரிவித்து, நகல் ஒன்றை வைத்துக்கொள்வோம். கடைப் பையன்களுக்கும் இதைச் சொல்லிக் கொடுப்போம். பல நாள் கையெழுத்துப் போடுவது அவர்கள்தானே!