பழைய கேபின், புது சேசிஸ், நடுவே பட்டைக்கட்டு

கேபின் இல்லை, பானெட் இல்லை. சென்னை பாடியில் எம்.டி.எச். சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளியிருந்த அந்தத் தகரக் கொட்டகையில், வெறும் எலும்புக்கூடாக நான்கு சக்கரத்தில் நின்ற சேசிஸின் மேல் மணல் மூட்டைகள் அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றும் தராசில் நிறுத்து 40 கிலோவாகக் கட்டியது. கேபின் வரப்போகும் இடத்தில் ஆறு, முன் மட்கார்டுகளுக்கு மூன்று, பின்னால் தொட்டிக்கு ஐந்து. ஓட்டுநருக்கும் பக்கத்தில் உட்காருபவருக்கும் தனியாக நான்கு. கடைசி மூட்டையை ஏற்றியதும் பட்டறைக்காரர் மண்டியிட்டு, பின் சக்கரத்தின் நடுவிலிருந்து சேசிஸ் வரைக்கும் டேப்பைப் பிடித்தார். அளவைச் சேசிஸின் மீதே சாக்பீஸால் எழுதினார்.

"இதான் சார் வண்டியோட உண்மையான உயரம். இத முடிவு பண்ணாம ஒரு போல்ட்கூட போடக் கூடாது."

ஏறப்போகிற கேபின் 1950களின் ஃபார்கோ பிக்-அப்புடையது. மும்பை குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் டாட்ஜ், ஃபார்கோ வண்டிகளைச் செய்துவந்த காலத்து வார்ப்பு. பூந்தமல்லிப் பக்கம் தோப்பு வைத்திருக்கும் ஒரு குடும்பத்தில் தாத்தா காலத்தில் காய்கறி ஏற்றிய வண்டி அது. மேல் தகரம் கெட்டியாக இருந்தது. சேசிஸ் மட்டும் மரத்தடியில் கிடந்து அடியோடு துருவேறிவிட்டது. அதனால் பத்தாண்டு ஓடிய ஓர் ஏழு இருக்கை வண்டியின் சேசிஸ், எஞ்சின், கியர்பாக்ஸ் எல்லாவற்றோடும் கொட்டகைக்கு வந்து சேர்ந்தது. முன்னால் சுருள் ஸ்பிரிங், பின்னால் பட்டைக்கட்டு, அதாவது லீஃப் ஸ்பிரிங்.

ஊர்ப் பெயரும் பாடி, வண்டியின் மேல்கூட்டுக்குப் பட்டறையில் சொல்லும் பெயரும் பாடி. இந்த வேலைக்கு இதைவிடப் பொருத்தமான ஊர் அமைவது அரிது. 1960களின் தொடக்கத்தில் லூகாஸ் டிவிஎஸ், பிரேக்ஸ் இந்தியா, வீல்ஸ் இந்தியா, சுந்தரம் கிளேட்டன் எல்லாம் இங்கேதான் அடுத்தடுத்து எழுந்தன. ஸ்டார்ட்டர் மோட்டார், பிரேக், சக்கரம், ஏர் பிரேக் என்று ஒரு வண்டியின் பாதி உறுப்புகள் ஒரே சாலையோரத்தில் செய்யப்பட்டன. கொஞ்சம் தள்ளி அம்பத்தூர் தொழிற்பேட்டை. ஒருவர் செய்த சேசிஸ் மேல் இன்னொருவர் பாடி கட்டுவதும் தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. எண்ணூரிலிருந்து புறப்படும் அசோக் லேலண்ட் வெற்றுச் சேசிஸை, முகத்தில் துண்டு சுற்றிய ஓட்டுநர்கள் வெயிலிலும் காற்றிலும் கரூருக்கும் நாமக்கல்லுக்கும் ஓட்டிப்போவதை நெடுஞ்சாலையில் பார்க்காதவர் யார்? ஆனால் அங்கே கட்டப்படுவது அந்தச் சேசிஸுக்கென்றே அளவெடுத்த பாடி. இங்கே எழுபது வயதுக் கேபினுக்கு, அதைக் கேள்விப்பட்டே இராத ஒரு சேசிஸைப் பழக்க வேண்டும்.

அளவெடுக்கும் முன்பே பட்டறைக்காரர் வாடிக்கையாளரிடம் ஒன்றைச் சொல்லிவிடுகிறார். 2021 ஜூலையில் வந்த மத்திய அரசு விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டிய, சொந்த உபயோக வண்டியை விண்டேஜ் வண்டியாகப் பதிவு செய்யலாம்; புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டு செல்லும், எண்ணில் 'விஏ' என்ற எழுத்துகள் வரும். சேசிஸிலோ பாடியிலோ எஞ்சினிலோ பெரிய மாற்றம் செய்த வண்டிக்கு அந்தத் தகுதி கிடையாது. இன்னொரு பக்கம், உற்பத்தியாளர் குறித்த விவரங்களிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதிப்படுத்தியது. ஆகவே பழைய சேசிஸைத் தேற்ற முடியுமென்றால் தேற்றுவதே முதல் வழி. முடியவில்லை என்றால், புதுச் சேசிஸில் ஏறும் வண்டி பொதுச் சாலைக்கானதல்ல என்று தெரிந்தே இறங்க வேண்டும். இந்த ஃபார்கோ தோப்பு வேலிக்குள் மட்டும் ஓடப்போகிறது. கொட்டகையிலிருந்து தோப்புக்கும் இன்னொரு லாரியின் முதுகில்தான் போகும். துருவேறிய பழைய சேசிஸையும் உடைசலுக்குப் போடவேண்டாம், எண் பொறித்த பாகத்தோடு பத்திரமாக வையுங்கள் என்பது அவருடைய கண்டிப்பான யோசனை. பின்னால் ஒரு நாள் மனம் மாறினால் வண்டியின் அடையாளம் அதில்தான் இருக்கிறது.

வேலையின் முதல் படி எடை. இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். கேபினும் கதவுகளும் சேர்ந்து ஏறக்குறைய 240 கிலோ, முன் தகரங்கள் 120, மரப்பலகை போட்ட பின் தொட்டி 200. எடைமேடையில் பத்து கிலோ இப்படி அப்படிப் போகுமென்று பழைய இரும்புக் கடைத் தராசில் ஒவ்வொன்றாக நிறுத்தார். எடை தெரிந்தால் போதாது, அது எந்த ஆக்சில் மீது இறங்குகிறது என்பதும் தெரிய வேண்டும். தொட்டியின் நடு, பின் ஆக்சிலுக்கு நேர் மேலே விழுவதால் அந்த 200 கிலோவும் பின் பட்டைக்கே. கேபினின் நடுப்பாரம் பின் ஆக்சிலுக்கு 1.2 மீட்டர் முன்னால் விழுகிறது. இரண்டு ஆக்சிலுக்கும் இடைவெளி 2.74 மீட்டர் என்றால் அதில் 44 சதவீதம் முன்னுக்கு, மீதி பின்னுக்கு. தராசும் டேப்பும் போதுமான கணக்கு இது.

கணக்கு காட்டியது என்னவென்றால், பின்பக்கம் எடை குறைந்துபோகிறது. ஏழு பேரையும் அவர்கள் மூட்டை முடிச்சுகளையும் சுமக்கச் செய்த பட்டைக்கட்டு, இந்தச் சின்னத் தொட்டியின் கீழ் 40 மில்லிமீட்டர்தான் அமுங்கியது. ஒரு ஸ்பிரிங் எவ்வளவு அமுங்குகிறதோ அதை வைத்தே வண்டி எப்படிக் குதிக்கும் என்று சொல்லிவிடலாம். 100 மில்லிமீட்டர் அமுங்கினால் விநாடிக்கு ஏறத்தாழ ஒன்றரை முறை ஆடும். அது உடம்புக்கு இதம். 40 மில்லிமீட்டர் என்றால் இரண்டரை முறை. 25-க்கு வந்தால் மூன்றைத் தாண்டும். மனித உடம்பு மேலும் கீழுமான அதிர்வில் மிகவும் கஷ்டப்படுவது நான்கு முதல் எட்டு வரை என்பதால், அந்தப் பக்கம் நெருங்க நெருங்க இடுப்பு பதில் சொல்லும்.

இந்த இடத்தில் அவர் பழைய வேலை ஒன்றை நினைவுகூர்ந்தார். பல வருடங்களுக்கு முன் வேறொரு பழைய லாரிக் கேபினைச் சின்ன சேசிஸில் ஏற்றியபோது, லாரி என்றால் பின்பக்கம் நிமிர்ந்து நிற்க வேண்டுமென்று உரிமையாளர் கேட்க, இவரும் ஒரு பட்டை கூடுதலாகப் போட்டுவிட்டார். நிமிர்ந்துதான் நின்றது. இரண்டு மாதத்தில் பின் கண்ணாடி ரப்பரை விட்டு நழுவியது. ஆறாவது மாதம் கதவுத் தூணின் அடியில் தலைமுடி அகலத்தில் ஒரு விரிசல். "நான் பண்ண தப்பு. தகரத்த திட்டி என்ன பண்றது?" என்றார். அந்த விரிசல் விழுந்த துண்டை வெட்டியெடுத்து இன்னமும் கருவிப் பெட்டியில் வைத்திருக்கிறார். வெளியே எடுத்துக் காட்டினார். விளிம்பில் பெயின்ட் அடுக்கடுக்காக உரிந்து கிடந்தது.

பட்டையைப் பற்றி அவர் சொன்னதை அப்படியே எழுதி வைத்துக்கொள்ளலாம். அளவு ஒரே மாதிரியான ஐந்து பட்டையில் ஒன்றை எடுத்தால் விறைப்பு சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறையும். ஆனால் பட்டையின் கனத்தை வெறும் 10 சதவீதம் கூட்டினால் விறைப்பு 33 சதவீதம் கூடிவிடும். நீளத்தை 10 சதவீதம் குறைத்தால் 37 சதவீதம் கூடும். கனமும் நீளமும் மும்மடிப் பெருக்கில் வேலை செய்வதால் வரும் விளைவு இது. ஆகவே புதுப்பேட்டைப் பழைய உதிரிபாகக் கடையில் கிடைத்த ஏதோ ஒரு பட்டையைக் கட்டில் நுழைப்பது ஆபத்து. எடுப்பதென்றால் நடுவிலிருந்து எடுக்க வேண்டும். கண் உள்ள மெயின் பட்டையையும், அதை அணைத்து நிற்கும் இரண்டாவது பட்டையையும் தொடக் கூடாது. மெயின் பட்டை உடைந்தால் ஆக்சிலைப் பிடித்து நிறுத்துவது அந்த இரண்டாவதுதான். நடுவில் தடித்து முனை மெலிந்த பாராபோலிக் பட்டையாக இருந்தால் கூட்டவோ குறைக்கவோ கூடாது, வேறு கட்டே வாங்கிவிட வேண்டும். எந்தப் பட்டையிலும் காஸ் வெல்டிங் சூடு படக் கூடாது. பதம் போன பட்டை பார்வைக்கு நல்ல பட்டை மாதிரியே இருக்கும்.

ஃபார்கோவில் இரண்டு பட்டைகள் வெளியே வந்தன. மூட்டைகளோடு மறுபடி அளந்தபோது அமுங்கல் 65 மில்லிமீட்டர். தோப்பில் தேங்காய் ஏற்றும் நாளும் உண்டு என்பதால் அதற்கு மேல் இளக்க அவர் ஒப்பவில்லை. பட்டை குறைந்ததற்கேற்ப ஷாக் அப்சார்பரையும் மாற்றினார். பழையது விறைத்த பட்டைக்கென்று செய்தது. புதிய ஷாக்கை மாட்டும்போது பார்க்க வேண்டியது, வண்டி நிற்கும் உயரத்தில் அதன் தண்டு பாதி வழியில் நிற்கிறதா என்பதே. அடியில் முட்டினாலும் மேலே இழுபட்டாலும் சீக்கிரம் கசியும்.

முன்பக்கம் வேறு கதை. முன் சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே அதிகம் இடைவெளி தெரிய, சுருள் ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை வெட்டிவிடலாமா என்று கொட்டகைப் பையன் கேட்டான். "வேணாம் தம்பி" என்றார். வேலை செய்யும் எட்டுச் சுற்றில் ஒன்றை வெட்டினால் ஸ்பிரிங் தாழும். அதோடு 14 சதவீதம் விறைத்தும் போகும். தாழ்ந்த வண்டிக்கு விறைத்த ஸ்பிரிங். கூடவே ஸ்டியரிங் ராடுகளின் சாய்மானம் மாறி, மேடு பள்ளத்தில் சக்கரம் தானாகத் திரும்பத் தொடங்கும். அவர் கேபினைத் தாங்கும் கால்களைக் குட்டையாக்கி, பாடியைக் கீழே இறக்கினார். ஸ்பிரிங் இருந்தபடியே இருந்தது.

சக்கரமும் மட்கார்டு வளைவும் ஒரே நடுக்கோட்டில் நிற்காவிட்டால் எத்தனை நல்ல பெயின்டும் வண்டியைக் காப்பாற்றாது. அந்த ஃபார்கோவின் ஆக்சில் இடைவெளி 108 அங்குலம், 2743 மில்லிமீட்டர். கிடைத்த சேசிஸில் 2680. வித்தியாசம் 63. அமெரிக்காவில் இதே வேலையைச் செய்பவர்கள் 1947 முதல் 1954 வரையிலான செவர்லே 3100 பிக்-அப்பை எஸ்-10 சேசிஸில் ஏற்றுவது வழக்கம். பழையதற்கு 116 அங்குலம்; நீளத் தொட்டி எஸ்-10-க்கு 117.9. இரண்டு அங்குலத்துக்கும் குறைவான பிசகு என்பதாலேயே அந்த ஜோடி அங்கே பிரபலமானது. நம்மூரில் அப்படிப் பழகிய ஜோடி கிடையாது, கிடைத்ததை அளந்துதான் ஆக வேண்டும்.

63 மில்லிமீட்டருக்காகத் தொட்டியை வெட்ட அவருக்கு மனம் வரவில்லை. பின் பட்டையின் இரண்டு பிராக்கெட்டுகளையும் பின்னுக்குத் தள்ளினார். சேசிஸின் பக்கச்சுவரில் மட்டும் துளை. மேல் கீழ் மடிப்புகளில் துளையோ வெல்டிங்கோ கிடையாது, ஏனென்றால் வளையும்போது வரும் இழுவிசையும் அமுக்கமும் பெரும்பாலும் அந்த மடிப்புகளில்தான் ஓடுகின்றன. ஆக்சில் பின்னால் போனதும் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் குட்டையாகிவிட்டது. அதை லேத்தில் நீட்டி, பேலன்ஸ் பார்த்து வாங்கினார். ஹேண்ட் பிரேக் கேபிளும் பிரேக் ஹோஸும் புதிது. பின் ஆக்சிலின் மூக்கு சாய்ந்திருந்த கோணத்தை ஆப்பு வைத்துச் சரிசெய்தார்; கியர்பாக்ஸ் பக்கத்துச் சாய்வும் ஆக்சில் பக்கத்துச் சாய்வும் சமமாக இல்லையென்றால் கிராஸ் ஜாயிண்ட் அதிர்ந்தே தேயும்.

பலரும் மறக்கும் ஒரு பிரேக் வால்வு பின் ஆக்சிலுக்கு மேலே ஒரு சின்னக் கம்பியோடு தொங்குகிறது. பாரம் ஏறி வண்டி தாழ்ந்தால் பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டும், பாரம் இறங்கினால் குறைக்கும். பட்டையை இளக்கினால் வெறும் வண்டியிலேயே உயரம் குறைந்து, பாரம் இருப்பதாக அந்த வால்வு எண்ணிக்கொள்ளும். ஈரத்தரையில் பிரேக் அடித்தால் பின் சக்கரம் முதலில் பூட்டி வண்டி சுற்றிவிடும். புது உயரத்துக்கு அந்தக் கம்பியைத் திருத்தி வைப்பது அரை மணி நேர வேலை. பட்டையைத் தொடும் ஒவ்வொருவரும் இதைச் செய்தே தீர வேண்டும். வண்டி வேலிக்குள் ஓடினாலும் அங்கே குழந்தைகள் உண்டு.

கேபின் ஏறிய நாளில் செயின் புளாக்கில் தொங்கியபடி அது மெல்ல இறங்கியது. முன்னால் இரண்டு ரப்பர் தாங்கி, பின்னால் நடுவில் ஒன்று, மொத்தம் மூன்றே பிடிமானம். ஏணி மாதிரியான சேசிஸ் பள்ளத்தில் முறுக்கிக்கொள்ளும். நான்கு மூலையிலும் இறுக்கினால் அந்த முறுக்கு கதவுத் தூணுக்கு ஏறும். ஜெர்மன் யூனிமோக் லாரியிலும் கேபினுக்கு இதுபோன்ற மூன்று புள்ளி ஏற்பாடுதான். தூக்குக் குண்டு கட்டி இரண்டு பக்கமும் நேர் பார்த்தார்கள்.

அதன் பிறகே, வண்டி தன் முழு எடையில் சக்கரத்தில் நிற்கும்போது, பட்டைக் கண்ணின் ரப்பர் புஷ் போல்ட்டுகள் இறுக்கப்பட்டன. ஜாக்கியில் தொங்கும்போது இறுக்கினால், இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு சில மாதங்களில் கிழியும். யூ போல்ட்டுகள் நான்கும், அவற்றின் எட்டு நட்டுகளும் புதியவை. ஒருமுறை இழுபட்டதைத் திரும்பப் போடுவதில்லை. ஒவ்வொரு நட்டின் மேலும் பட்டைத் தகட்டையும் சேர்த்து வெள்ளைப் பெயின்டில் ஒரு கோடு இழுத்தார். நட்டு தளர்ந்தால் கோடு உடைந்து தெரியும்.

தோப்புக்கு அனுப்பிப் பத்து நாள் கழித்து, ஸ்பானரோடு நேரில் போய்ப் பார்த்தார். தென்னை வரிசைக்கு நடுவே மண்தடத்தில் ஓடி ஓடி வண்டி முழுக்கப் புழுதி. கீழே படுத்துத் துணியால் துடைத்துப் பார்த்ததில் ஏழு கோடுகள் நேராக இருந்தன. இடது பின்பக்கம் ஒன்று மட்டும் ஒரு நெல் அகலம் விலகியிருந்தது. அதை இறுக்கி, பழைய கோட்டைச் சுரண்டிவிட்டுப் புதிதாக ஒன்று இழுத்தார்.