கண்டன்சரைப் பெரிதாக்கினால் போதுமா?

மாடிப்படி விளக்கு ஐம்பது விநாடியில் அணைந்துவிடுகிறது. முழங்கால் வலியோடு ஏறுகிறவர் பாதிப் படியில் இருட்டில் நின்றுவிடுகிறார். டைமர் போர்டைக் கழற்றிக் கடைக்கு எடுத்துப் போனால் கிடைக்கும் யோசனை ஒன்றுதான்: "கண்டன்சரைப் பெருசாப் போடுங்க."

அந்த யோசனை தவறில்லை, ஓர் எல்லை வரைக்கும். இத்தகைய போர்டுகள் பலவற்றில் இருப்பது 555 ஐசி. ரெசிஸ்டர் வழியாகக் கண்டன்சர் மெல்ல நிரம்புகிறது. சப்ளை வோல்டேஜில் மூன்றில் இரண்டு பங்கை அது எட்டும்வரை விளக்கை எரியவிடும் ரிலே பிடித்திருக்கும். ஓமில் உள்ள ரெசிஸ்டரையும் ஃபாரடில் உள்ள கண்டன்சரையும் பெருக்கி, அதை 1.1 மடங்காக்கினால் விநாடிக் கணக்கு வந்துவிடும். 1 மெகா ஓமுக்கு 47 மைக்ரோஃபாரட் என்றால் சுமார் 52 விநாடி. அதை 100 மைக்ரோஃபாரடாக மாற்றினால் 110 விநாடி. படியேற அது தாராளம்.

இதே கைவேலையைக் குளியலறை எக்ஸாஸ்ட் ஃபேனுக்கும் செய்யப் போகும்போதுதான் சிக்கல். 1000 மைக்ரோஃபாரட் போட்டால் கணக்குப்படி 18 நிமிடம். ஆனால் ஃபேன் அணையாமல் ஓடிக்கொண்டே இருக்கக்கூடும். பழி ஐசி மீது விழும். புது ஐசி போட்டாலும் நிலைமை மாறாது.

ஓட்டை இருப்பது கண்டன்சரில். எலக்ட்ரோலைட்டிக் வகை எதுவானாலும் உள்ளுக்குள் கொஞ்சம் கசியும். 12 வோல்ட் சப்ளையில் கண்டன்சர் 8 வோல்ட்டை நெருங்கும் நேரத்தில், 1 மெகா ஓம் வழியாக உள்ளே வருவது வெறும் 4 மைக்ரோஆம்பியர். கசிவும் அந்த அளவை எட்டிவிட்டால், வந்தது வந்தபடியே வெளியேறிவிடும். கண்டன்சர் 8 வோல்ட்டைத் தொடாது, ரிலே விடுபடாது. பெரிய கண்டன்சரில் கசிவும் பெரிதாவதுதான் வழக்கம். போதாக்குறைக்கு, மேலே அச்சிட்ட அளவில் 20 சதவீதம் கூடவோ குறையவோ இருப்பது இந்த வகையில் சாதாரணம்.

நீண்ட நேரத்துக்கு நிரப்புவதைவிட எண்ணுவதே சரியான வழி. 4060 என்ற ஐசி வேகமாகத் துடித்து, அந்தத் துடிப்புகளை எண்ணும். அதன் கடைசி அவுட்புட் 8192 துடிப்புக்குப் பிறகே மாறும். 0.1 மைக்ரோஃபாரட் பாலியெஸ்டர் கண்டன்சரும் 680 கிலோ ஓமும் இருந்தால் ஏறத்தாழ 21 நிமிடம் கிடைக்கும். கசிகிற எலக்ட்ரோலைட்டிக்குக்கு அங்கே வேலையே இல்லை.

"கரண்ட் லோவா வந்தா டைமும் மாறிடும்" என்பது இன்னொரு நம்பிக்கை. 1971-இல் 555-ஐ வடிவமைத்த ஹான்ஸ் கேமன்சிண்ட் இதற்கு அப்போதே வழி செய்துவிட்டார். எல்லைக்கோடு சப்ளையின் பங்காகவே வைக்கப்பட்டிருப்பதால், வோல்டேஜ் இறங்கும்போது கோடும் கூடவே இறங்குகிறது. நேரம் கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். தடுமாறுவது ரிலேதான். 12 வோல்ட் ரிலேக்கள் பல, பிடிப்பதற்கே 9 வோல்ட் கேட்கும். (உள்ளே மூன்று 5 கிலோ ஓம் ரெசிஸ்டர் இருப்பதால்தான் 555 என்று பெயர் என்பார்கள். அந்த எண் தற்செயலாகத் தேர்ந்தது என்று கேமன்சிண்டே சொல்லியிருக்கிறார்.)

நேரத்தைக் கூட்டிக் குறைக்க பிரீசெட் (திருகி மாற்றும் ரெசிஸ்டர்) வைப்பவர்கள் அதோடு தொடராக 1 கிலோ ஓம் ஒன்றைச் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் திருகி பூஜ்யத்துக்கு வந்ததும், 555-இன் 7-ஆம் பின்னின் உள்ளே இருக்கும் டிரான்சிஸ்டர் நேராக சப்ளையோடு மோதிப் பழுதாகும்.

எல்லாவற்றையும்விட ஆபத்தான நம்பிக்கை, "12 வோல்ட் சர்க்யூட்தானே, ஷாக் அடிக்காது" என்பது. மலிவான போர்டுகள் பலவற்றில் டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது. 230 வோல்ட்டைக் கட்டுப்படுத்துவது பெட்டி வடிவ கண்டன்சர் ஒன்றுதான். அப்படிப்பட்ட போர்டில் டைமர் ஐசியின் பின்னைத் தொட்டாலும் மெயின்ஸைத் தொட்டதாகவே ஆகும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அந்தக் கண்டன்சரில் மின்சாரம் தங்கியிருக்கலாம். பழகிய மெக்கானிக் அத்தகைய போர்டை மெயின்ஸிலிருந்து முழுக்கப் பிரித்து, தங்கிய மின்சாரத்தை ரெசிஸ்டர் வைத்து வடித்த பிறகே கை வைப்பார். பிறகு டைமர் பகுதிக்குத் தனி 12 வோல்ட் அடாப்டர் கொடுத்து, ரிலேயின் 'டிக்' சத்தத்தை வைத்துக் கடிகாரத்தில் நேரத்தைச் சரிபார்ப்பார்.