ஊர் காட்டும் முறை: சோமனூரைக் கொண்டு ஒரு பாடம்

நம் ஊருக்கு ஒருவர் வருகிறார். அவர் அயல் மாவட்டத்து ஊராட்சித் தலைவராக இருக்கலாம். பயிற்சிக்கு வந்த இளம் அலுவலராக இருக்கலாம். நெடுநாள் கழித்து வரும் உறவினராகவும் இருக்கலாம். "ஊரைச் சுற்றிப் பார்க்க வேண்டும்" என்று அவர் கூறியவுடன் நாம் செய்வது யாது? கோயிலைக் காட்டுகிறோம், புதிதாகக் கட்டிய கட்டடத்தைக் காட்டுகிறோம், நல்லதொரு விருந்தளித்துப் பேருந்தில் ஏற்றி அனுப்புகிறோம். அவரும் மகிழ்ச்சியுடன் செல்கிறார். ஆனால் அவர் கண்டது நம் ஊர்தானா? இவ்வூர் மக்கள் எதைக் கொண்டு வாழ்கிறார்கள், எதனால் இடர்ப்படுகிறார்கள் என்பதை அவர் அறிந்தாரா? இவ்வினாவை ஊராட்சி உறுப்பினர்களும், ஆசிரியர்களும், இளைஞர் மன்றத்தினரும் தங்களைத் தாங்களே கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஊர் காட்டுவதும் ஒரு கல்வியே. இதனை உலகிற்கு உணர்த்தியவர்களுள் ஒருவர் ஸ்காட்லாந்து நாட்டு அறிஞர் பாட்ரிக் கெட்டிஸ். 1892-ஆம் ஆண்டில் எடின்பரோ நகரில் ஓர் உயர்ந்த கட்டடத்தை அவர் காட்சிக்கூடமாக அமைத்தார். வந்தவர்கள் முதலில் உச்சிக்குச் சென்று நகரத்தைக் காண்பார்கள்; பின்னர் ஒவ்வொரு தளமாக இறங்கி நாட்டையும் உலகையும் பற்றி அறிவார்கள். கண்ணெதிரே உள்ள ஊரிலிருந்து உலகத்திற்குச் செல்வதே அவர் கண்ட முறை. 1914-ஆம் ஆண்டில் அவர் சென்னை மாகாணத்திற்கு வந்தபோது கோயம்புத்தூர் உள்ளிட்ட பல ஊர்களை நடந்தே பார்த்து அறிக்கைகள் எழுதினார். ஓர் ஊரை அறிய இடம், தொழில், மக்கள் என்னும் மூன்றையும் சேர்த்துக் காண வேண்டும் என்பது அவர் கொள்கை. இம்மூன்றையும் கொண்டு சோமனூரைக் காட்டிப் பார்ப்போம்.

இடம்

கோவை மாவட்டம் சூலூர் வட்டத்தில், கோவைக்கும் திருப்பூருக்கும் இடையே இருப்புப்பாதையை ஒட்டி அமைந்தது சோமனூர். வடக்கே கருமத்தம்பட்டி வழியாகச் சேலம் - கொச்சி நெடுஞ்சாலை செல்கிறது. தெற்கே சாமளாபுரம் குளமும் நொய்யல் ஆறும் உள்ளன. ஆகவே விருந்தினரை முதலில் இரயில் நிலையத்தருகே நிறுத்தி இத்திசைகளைக் காட்டுதல் நலம். பஞ்சும் நூலும் வருவதற்கும், துணி வெளியேறுவதற்கும் வழி இருந்ததனால் இத்தொழில் இங்கே வேரூன்றியது என்பது அப்போது எளிதில் விளங்கும். கருமத்தம்பட்டியில் பழமை வாய்ந்த ஜெபமாலை அன்னை ஆலயத்தையும் காட்டலாம்.

அடுத்து நொய்யலுக்கு அழைத்துச் செல்லுங்கள். பலர் இதனைத் தவிர்க்கவே விரும்புவர். வெள்ளியங்கிரி மலையில் தெளிந்த நீராகப் பிறக்கும் இவ்வாறு, கோவை நகரின் கழிவுநீரைச் சுமந்தே இங்கு வருகிறது. இதற்கும் கீழே திருப்பூரில் சாயக்கழிவு சேர்ந்ததால், 1992-இல் பாசனத்திற்காகக் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையின் நீர் உழவர்க்குப் பயன்படாமற்போயிற்று. 2011 ஜனவரியில் சாய ஆலைகளை மூடுமாறு உயர்நீதிமன்றம் ஆணையிட நேர்ந்தது. இவ்வரலாற்றைக் கூறினால் ஊரின் மதிப்புக் குறையாது. நீரைக் காக்க நாம் இன்னும் செய்யவேண்டியது எவ்வளவு என்பதே புலப்படும். 1,045 குளம் குட்டைகளுக்குப் பவானி உபரிநீரைக் கொணரும் அத்திக்கடவு - அவிநாசித் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கிவைக்கப்பட்டதையும் இங்கே எடுத்துரைத்தல் பொருத்தமாகும்.

தொழில்

சோமனூரின் உயிர்நாடி விசைத்தறி. வந்தவரைத் தறிக்கூடத்திற்கு அழைத்துச் சென்று இரைச்சலை மட்டும் கேட்கச் செய்து திரும்புவது பயன் தராது. நூல் செல்லும் வழியே நாமும் செல்ல வேண்டும். நூற்பாலையிலிருந்து நூல் கோன்களாக வருகிறது. பல்லாயிரம் இழைகள் வரிசையாகப் பாவு ஓட்டப்படுகின்றன. சைசிங் ஆலையில் பாவுக்குக் கஞ்சி ஏற்றிப் பீமில் சுற்றுகிறார்கள். கஞ்சி ஏறாத இழை தறியின் இழுப்பைத் தாங்காது அறுந்துவிடும். பின்னர் இழைகளை விழுதிலும் அச்சிலும் கோத்துத் தறியில் ஏற்றுகிறார்கள். நாடா ஊடை இழையை இழுத்துக்கொண்டு அங்குமிங்கும் பாயத் துணி வளர்கிறது. சலவையும் சாயமும் பெறாத இத்துணியே காடாத்துணி. இது வெளிமாநிலங்களுக்குச் சென்று சலவையும் சாயமும் அச்சும் பெறுகிறது.

இங்கே ஒரு சிறு கணக்கைச் செய்து காட்டுங்கள். நிமிடத்திற்கு 150 ஊடை போடும் தறி ஒன்றைக் கொள்வோம். அங்குலத்திற்கு 50 ஊடை வேண்டுமெனின், நிமிடத்திற்கு 3 அங்குலமும், ஒரு மணிக்கு 180 அங்குலமும், அஃதாவது ஏறத்தாழ நாலரை மீட்டரும் நெய்யலாம். அதுவும் தறி ஓரிடத்திலும் நில்லாமல் ஓடினால்தான். இழை அறுந்தால் தறி நிற்கும். மின்சாரம் தடைப்பட்டாலும் நிற்கும். கடையில் ஒரு நொடியில் கிழித்துத் தரப்படும் ஒரு மீட்டர் துணிக்குப் பின்னால் பதின்மூன்று நிமிடத்திற்குக் குறையாத கவனம் இருக்கிறது. இதனை அறிந்தவர் துணியை முன்போல் பார்க்கமாட்டார்.

மக்கள்

தறிக்காரர் பலர் தமக்கென நெய்பவரல்லர்; கூலிக்கு நெய்பவர்கள். ஜவுளி உற்பத்தியாளர் பாவும் நூலும் தருகிறார். தறி உடையவர் நெய்து கொடுத்து மீட்டர் கணக்கில் கூலி பெறுகிறார். அக்கூலியிலிருந்தே தறி ஓட்டுவோரின் சம்பளம், உதிரிபாகம், மின்கட்டணம், கடன் தவணை ஆகியவற்றைக் கொடுக்க வேண்டும். 'சோமனூர் ரகம்', 'பல்லடம் ரகம்' என்று துணியின் வகைக்கேற்பக் கூலி பேசப்படுகிறது. பேசிய கூலி கைக்கு வந்து சேராமையே பூசலுக்குக் காரணம். 2022-இலும் 2025-இலும் கோவை, திருப்பூர் மாவட்டங்களில் வாரக்கணக்கில் தறிகள் நின்றன. விசைத்தறிக்கு இரு மாதங்களுக்கு வழங்கும் விலையில்லா மின்சாரம் 2023-இல் 750 அலகிலிருந்து 1,000 அலகாக உயர்த்தப்பட்டது பேருதவியே. எனினும் அது நியாயமான கூலிக்கு ஈடாகாது.

தறிக்கூடம் பெரும்பாலும் வீட்டோடு சேர்ந்தது. ஆகையால் முன்கூட்டியே இசைவு பெற்றுச் செல்க. ஓடும் தறியை நமக்காக நிறுத்தச் சொல்லற்க. நிறுத்தினால் கூலி குறைவது அவருக்கே. வீட்டினர் பேசும்போது நாம் இடைமறித்து விளக்கம் தரலாகாது. இத்தகைய உலாவொன்றில் விருந்தினர் ஒருவர் மூத்த தறிக்காரரிடம், "மீட்டருக்கு என்ன கூலிங்க ஐயா?" என்று வினவினார். "அதை நாங்க சொல்றதுக்கு இல்லீங்க, பாவு குடுக்கறவங்கதான் சொல்லணும்" என்றார் அவர். ஒரு மணி நேரச் சொற்பொழிவு விளக்க முடியாததை அவ்விடை விளக்கிவிட்டது.

துயர நினைவுகளையும் மறைக்க வேண்டா. 2017 செப்டம்பரில் சோமனூர்ப் பேருந்து நிலையக் கூரை இடிந்து பலர் உயிரிழந்தனர். பொதுக் கட்டடத்தைக் கட்டுவதோடு கடமை முடிவதில்லை, ஆண்டுதோறும் அதனைச் சோதித்தல் வேண்டும் என்னும் பாடத்தை ஒவ்வோர் ஊரும் இதிலிருந்து கற்கலாம்.

செய்ய வேண்டுவன

நிற்க. இம்முறையின் முதற்பயன் விருந்தினரைச் சேர்வதன்று; காட்டுகின்ற நம்மையே சேர்வது. விருந்தினருடன் செல்லுமுன் வழியை ஒரு தாளில் வரைக. எந்தத் தெருவைச் சுற்றிக்கொண்டு போக நம் மனம் எண்ணுகிறதோ, அத்தெருவின் பெயரைத் தனியே குறித்துக்கொள்க. தேங்கிய சாக்கடை, பூட்டிக் கிடக்கும் நூலகம், குப்பை சேர்ந்த குளக்கரை, கதவில்லாத கழிப்பறை என அப்பட்டியல் நீளக்கூடும். அதுவே நம் ஊரின் வேலைத்திட்டம்.

அப்பட்டியலை ஊராட்சிகளில் கிராமசபையிலும், கருமத்தம்பட்டி போன்ற நகராட்சிகளில் பகுதிசபையிலும் வையுங்கள். கிராமசபை இப்போது ஆண்டில் ஆறு முறை கூடுகிறது. ஒரு கூட்டத்திற்கு ஓரிடம் என்று சீர்செய்தாலும், ஓராண்டில் ஆறு இடங்கள் திருந்தும். பள்ளி ஆசிரியர்கள் எட்டாம், ஒன்பதாம் வகுப்பு மாணவர்களையே வழிகாட்டிகளாகப் பழக்கலாம். தறியோசையிலேயே வளர்ந்த பிள்ளைகளுள், கஞ்சி ஏற்றுவதன் காரணத்தை அறியாதவர் உண்டு. பிறர்க்கு எடுத்துரைக்கும்போதுதான் அவர்கள் தம் பெற்றோரின் உழைப்பை உணர்வார்கள்.

எந்தத் தெருவையும் சுற்றிப் போகாமல், நேர்வழியே விருந்தினரை அழைத்துச் செல்லும் நாள் ஒவ்வோர் ஊருக்கும் வர வேண்டும். அதற்கான பட்டியலை இத்திங்களிலேயே எழுதத் தொடங்குவோமாக.