உடைந்த வென்வை ஒட்டவைக்காதீர்கள்

பூவாரில், நெய்யாறு கடலில் சேரும் பொழிக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லை ஊர்களின் பேச்சுத்தமிழைத் தொகுக்கிறேன். எழுத்துகளைப் பிரிக்க ஓப்பன்-தமிழ், அட்டவணைக்குப் பாண்டாஸ், கணக்குக்கு நம்பை, எல்லாம் ஒரு வென்வுக்குள், அதாவது பைத்தானின் தனிச்சூழல் ஃபோல்டருக்குள். உபுண்டு 22.04 இலிருந்து 24.04 க்கு மாறியதும் அதில் எதுவும் ஓடவில்லை. பேக்கேஜ்களை நிறுவும் பிப்கூட இல்லை என்றது.

பேக்கேஜ்கள் அழியவில்லை. வென்வுக்குள் இருக்கும் பைத்தான், சிஸ்டத்தின் பைத்தானைக் காட்டும் ஒரு சுட்டி மட்டுமே. 22.04 இல் அது 3.10, 24.04 இல் 3.12. புதிய பைத்தான் தன் பதிப்புப் பெயருள்ள ஃபோல்டரில் தேடுகிறது. பேக்கேஜ்களோ பழைய 3.10 ஃபோல்டரில் கிடக்கின்றன. இந்த நிலையில் பலர் ஒவ்வொன்றாக மறுபடி நிறுவத் தொடங்குவார்கள். வேண்டாம். வென்வ் பாதுகாக்க வேண்டிய பொருள் அல்ல. அதற்குள் என்னென்ன இருந்தன என்ற பட்டியல்தான் பொக்கிஷம்.

பட்டியல் கைவசம் இல்லையா? பழைய சைட்-பேக்கேஜஸ் ஃபோல்டரைத் திறங்கள். 'டிஸ்ட்-இன்ஃபோ' என்று முடியும் ஃபோல்டர் பெயர்களில் பேக்கேஜும் பதிப்பும் எழுதியிருக்கும். நான் மீண்டது அதை வைத்துத்தான். பிழைச் செய்தியை மட்டும் நம்பினால் வழி தவறும்: 'தமிழ்' என்ற மாட்யூல் இல்லை என்று அது சொல்லும், நிறுவ வேண்டியதோ ஓப்பன்-தமிழ்.

புதிய வென்வ் உருவாக்கி, பழைய பதிப்பு எண்களை அப்படியே வைத்து நிறுவினாலும் சிக்கல் வரும். நம்பை 1.24 க்கு பைத்தான் 3.12 க்கான வீல், அதாவது நிறுவத் தயாரான தொகுப்பு, கிடையாது. பிப் மூலக்குறியீட்டை இறக்கித் தானே கம்பைல் செய்யப் பார்க்கும், அதற்கு உதவும் டிஸ்ட்யூட்டில்ஸ் 3.12 இல் நீக்கப்பட்டுவிட்டதால் அதுவும் முறியும். நம்பை 1.26 தான் 3.12 ஐ ஏற்ற முதல் வரிசை. ஆகவே நாம் நேரடியாக இம்போர்ட் செய்பவற்றை மட்டும் எழுதிக்கொடுத்து, மற்றவற்றைப் பிப்பிடமே விட்டுவிடுவது நல்லது. முடிந்ததும் 'பிப் செக்' ஓட்டினால் முரண்பாடு இருந்தால் தெரியும்.

வென்வ் ஃபோல்டரை வேறிடத்துக்கு நகர்த்தினாலும் உடையும். பிப்பின் முதல் வரியில் பழைய பாதை பதிந்திருக்கும். வென்வுக்கு வெளியே பிப் ஓட்டி, சிஸ்டம் தடுத்தால், 'பிரேக்-சிஸ்டம்-பேக்கேஜஸ்' போட்டு மீறாதீர்கள். அந்தத் தடை உபுண்டுவின் சொந்தக் கருவிகளைக் காக்கவே இருக்கிறது.

மழைக்காலத்தில் இங்கே கரண்டும் நெட்டும் சேர்ந்தே போகும். அதனால் வேலை நன்றாக ஓடும்போதே 'பிப் டவுன்லோட்' மூலம் வீல்களை ஒரு ஃபோல்டரில் சேர்த்துவைக்கிறேன். 'நோ-இண்டெக்ஸ்', 'ஃபைண்ட்-லிங்க்ஸ்' இரண்டையும் கொடுத்தால் நெட் இல்லாமலே நிறுவலாம். நம்பை, பாண்டாஸ் போன்ற கம்பைல் செய்த வீல்கள் ஒரே பைத்தான் பதிப்புக்குத்தான் பொருந்தும். பதிப்பு மாறினால் அவற்றை மறுபடி இறக்க வேண்டும்.

உங்கள் வென்வ் இப்போது நன்றாக ஓடுகிறதா? அப்படியானால் சிஸ்டத்தைப் புதுப்பிக்கும் முன் 'பிப் ஃப்ரீஸ்' மூலம் பட்டியலை எடுத்து, நிரலோடு சேர்த்து வேறொரு டிரைவிலும் வைத்துவிடுங்கள்.