முதிய பூனையும் அயோடின் 131-உம்



வீடற்ற பூனைகளுக்கும் நாய்களுக்கும் இடமளிக்கும் காப்பகங்கள் உலகின் பல நகரங்களில் உள்ளன. லண்டன் நகரின் பேட்டர்சீ காப்பகம் அவற்றுள் புகழ்பெற்றது. 1860-இல் நாய்களுக்காகத் தொடங்கப்பட்ட அது, 1883 முதல் பூனைகளையும் ஏற்றுக்கொண்டது. இத்தகைய காப்பகங்களுக்கு வந்து பூனையைத் தத்தெடுக்க விரும்புவோர் பெரும்பாலும் குட்டிகளையே நாடுகின்றனர். வயது முதிர்ந்த பூனை கூண்டிலேயே காத்திருக்கிறது. அதற்கு நோயும் இருந்துவிட்டால் காத்திருப்பு இன்னும் நீளும்.

ஒரு கூண்டின் மேல் இப்படி ஓர் அட்டை தொங்குவதாக வைத்துக்கொள்வோம்: “வயது 13. கடுவன். எடை 3.2 கிலோ. தைராய்டு நோய். நாள்தோறும் இருவேளை மருந்து தேவை.” படிப்பவர்களில் சிலர் அஞ்சி நகர்ந்துவிடுவர். வேறு சிலர் இரக்கப்பட்டு, மேற்கொண்டு எதையும் கேட்காமல் தூக்கிச் செல்வர். இரு சாராருமே அட்டையைச் சரியாகப் படிக்கவில்லை. அதில் எழுதியிருப்பதன் பொருள் என்ன? நீங்கள் வகுப்பில் படிக்கும் இயற்பியலும் உயிரியலும் கொண்டே அதைப் புரிந்துகொள்ள முடியும்.

தின்றும் மெலிவது ஏன்?

கழுத்தில் மூச்சுக்குழலின் இருபுறமும் அமைந்துள்ளது தைராய்டு சுரப்பி. இது சுரக்கும் தைராக்சின் என்னும் ஹார்மோனின் ஒவ்வொரு மூலக்கூறிலும் நான்கு அயோடின் அணுக்கள் உண்டு. உடலின் செல்கள் எவ்வளவு வேகமாக உணவை எரித்து ஆற்றலாக்க வேண்டும் என்பதை இந்த ஹார்மோன்தான் நிர்ணயிக்கிறது. அடுப்பின் திரியை ஏற்றி இறக்கும் திருகு போன்றது இது.

வயதான சில பூனைகளில் இச்சுரப்பியின் ஒரு பகுதி கட்டியாக வளர்ந்து, கட்டுப்பாடின்றித் தைராக்சினைச் சுரக்கத் தொடங்குகிறது. கட்டி என்றவுடன் புற்றுநோய் என்று எண்ண வேண்டாம். நூற்றில் இரண்டு மூன்று பூனைகளுக்குத்தான் அது புற்றாக இருக்கும். பூனைகளில் இந்நோயை 1979, 1980 ஆண்டுகளில்தான் அமெரிக்காவின் நியூயார்க், பாஸ்டன் நகரக் கால்நடை மருத்துவர்கள் முதன்முதலாக விவரித்தனர். இன்று பத்து வயதைக் கடந்த பூனைகளிடையே அடிக்கடி காணப்படும் நோய்களுள் இது ஒன்று.

திரி ஏறிவிட்ட அடுப்பில் எண்ணெய் விரைவில் தீர்ந்துபோகும் அல்லவா? இப்பூனையும் அப்படித்தான். ஓயாமல் தின்னும்; ஆனாலும் மெலியும். இதயம் நிமிடத்துக்கு 240 முறைக்கு மேலும் துடிக்கலாம். இரத்த அழுத்தம் உயரலாம். கவனிக்காமல் விட்டால் இதயமே தளர்ந்துபோகும்.

நம் அட்டைப் பூனை முன்பு 4 கிலோ இருந்தது என்று கொள்வோம். குறைந்தது 800 கிராம்தான். ஆனால் விழுக்காட்டில் அது 20. அறுபது கிலோ எடையுள்ள ஒருவர் 12 கிலோ மெலிந்து 48 கிலோ ஆவதற்கு இது சமம். சிறிய உடலில் சிறிய எண்ணும் பெரிய செய்தியாகும்.

நான்கு வழிகள்

இந்நோயைச் சமாளிக்க நான்கு வழிகள் உள்ளன. முதலாவது, மருந்து. மெத்திமசோல் என்னும் மருந்து சுரப்பியில் அயோடின் ஹார்மோனாக மாறுவதைத் தடுக்கிறது. மாத்திரையை விழுங்க மறுக்கும் பூனைக்குக் காது மடலின் உட்புறத்தில் தடவும் களிம்பாகவும் இதைத் தருவதுண்டு. இது கட்டியை நீக்குவதில்லை. எனவே ஆயுள் முழுவதும் தர வேண்டும். இரண்டாவது, அயோடின் மிகக் குறைவாக உள்ள தனி உணவு. பூனை வேறெதையும் வாய் வைக்காதிருந்தால்தான் இது பலிக்கும். மூன்றாவது, அறுவை சிகிச்சை. முதிய இதயம் மயக்க மருந்தைத் தாங்க வேண்டும் என்பது இதிலுள்ள இடர்.

நான்காவது வழி கதிரியக்க அயோடின். தோலுக்கடியில் ஒரே ஓர் ஊசி. சிகிச்சை பெறும் பூனைகளில் மிகப் பெரும்பாலானவை இந்த ஒரே ஊசியில் குணமடைகின்றன. இது எப்படி நிகழ்கிறது?

சுரப்பியை ஏமாற்றும் ஐசோடோப்பு

மீனிலும் உப்பிலும் உள்ள சாதாரண அயோடினின் அணுக்கருவில் 53 புரோட்டான்களும் 74 நியூட்ரான்களும் உள்ளன. அயோடின் 131-இல் புரோட்டான்கள் அதே 53, நியூட்ரான்கள் 78. வேதியியல் பண்புகளை நிர்ணயிப்பது எலக்ட்ரான்களின் எண்ணிக்கை. அது இரண்டிலும் ஒன்றே. ஆகவே சுரப்பியால் இரண்டையும் வேறுபடுத்த முடியாது. கிடைத்த அயோடினை எல்லாம் ஆவலுடன் இழுத்துக்கொள்கிறது.

1938-இல் கலிபோர்னியாவில் கிளென் சீபோர்க், ஜான் லிவிங்குட் ஆகிய இருவரும் அயோடின் 131-ஐக் கண்டறிந்தனர். 1941-இல் பாஸ்டனில் மருத்துவர் சால் ஹெர்ட்ஸ் கதிரியக்க அயோடினை மனிதரின் தைராய்டு நோய்க்கு முதன்முதலாக அளித்தார். மனிதருக்கு உதவிய அதே முறை பின்னர் பூனைக்கும் வந்தது.

அயோடின் 131-இன் அணுக்கரு ஒரு பீட்டா துகளை, அதாவது வேகமான எலக்ட்ரானை, உமிழ்ந்து செனான் 131 ஆக மாறுகிறது. இந்தத் துகள் திசுவில் அதிக அளவாக 2 மில்லிமீட்டர் தூரமே செல்லும். பெரும்பாலானவை அதற்கும் முன்பே நின்றுவிடும். ஆகவே அயோடின் சேர்ந்த இடத்தில்தான் செல்கள் அழிகின்றன.

இங்கே ஓர் ஐயம் எழலாம். நல்ல தைராய்டு செல்களும் சேர்ந்து அழியாதா? கட்டி மிகையாகச் சுரப்பதால், நல்ல செல்களுக்கு மூளையடிச் சுரப்பியிலிருந்து வரும் தூண்டுதல் நின்றுபோயிருக்கும். அவை உறங்கிக்கொண்டிருக்கும். உறங்குபவை அயோடினை மிகுதியாக எடுத்துக்கொள்வதில்லை. எனவே பெரும்பாலும் தப்பிவிடுகின்றன. கட்டி அழிந்தபின் மெல்ல விழித்து வேலையைத் தொடங்குகின்றன.

எத்தனை நாள் விலகி இருப்பது?

ஊசியின் அளவு சில மில்லிகியூரி. 2 மில்லிகியூரி என்றால் வினாடிக்கு 7 கோடியே 40 லட்சம் அணுக்கருச் சிதைவுகள்! அயோடின் 131-இன் அரை ஆயுட்காலம் ஏறத்தாழ 8 நாட்கள். 8 நாளில் பாதி, 16 நாளில் கால், 24 நாளில் அரைக்கால் பங்கு எஞ்சும். 80 நாட்களில் பத்து அரை ஆயுட்காலங்கள். எஞ்சுவது 1024-இல் ஒரு பங்கு.

பூனையின் உடலில் குறைவது இதைவிட வேகமாக நிகழும். சிதைவினால் மட்டுமல்ல, சிறுநீர் வழியாகவும் அயோடின் வெளியேறுகிறது அல்லவா? சிதைவின் அரை ஆயுட்காலம் 8 நாட்கள் என்றும், வெளியேற்றத்தின் அரைக்காலம் 4 நாட்கள் என்றும் கணக்குக்காகக் கொள்வோம். இரண்டின் தலைகீழ் மதிப்புகளைக் கூட்டினால் 1/8 + 1/4 = 3/8. அதன் தலைகீழ் 8/3, அதாவது ஏறத்தாழ 2.7 நாட்கள். இணையாக இணைத்த மின்தடைகளின் கணக்கை இது நினைவூட்டுகிறதா?

பீட்டா துகள் பூனையின் உடலைத் தாண்டுவதில்லை. ஆனால் உடன் வரும் காமா கதிர் வெளியே வரும். அதனால்தான் அந்தந்த நாட்டு விதிப்படி பூனையைச் சில நாட்கள் மருத்துவமனையில் தனியே வைத்திருந்து அனுப்புகிறார்கள். வீட்டுக்கு வந்த பின்னும் மருத்துவர் சொல்லும் காலம்வரை அதை மடியில் வைத்துக் கொஞ்சுவதும் படுக்கையில் சேர்ப்பதும் கூடாது. அதன் மணல் தட்டைக் கையுறை அணிந்தே துப்புரவு செய்ய வேண்டும். கருவுற்ற பெண்களும் சிறு குழந்தைகளும் நெருங்கலாகாது. தூரம் இங்கே நமக்குத் துணை: அரை மீட்டரிலிருந்து 2 மீட்டருக்கு விலகினால் தூரம் 4 மடங்கு, கதிரின் செறிவோ 16-இல் ஒரு பங்காகக் குறைகிறது.

மறைந்திருக்கும் இன்னொரு நோய்

இத்தனை நல்ல முறை என்றால் எல்லாப் பூனைக்கும் உடனே ஊசி போட்டுவிடலாமே என்று கேட்பீர்கள். அங்கேதான் எச்சரிக்கை தேவை.

முதிய பூனைகளுக்குச் சிறுநீரகம் பழுதாவதும் மிகச் சாதாரணம். பாதி அடைத்துப்போன வடிகட்டி ஒன்றை எண்ணிப் பாருங்கள். பின்னாலுள்ள பம்பு மிக வேகமாக இயங்கினால் நீர் போதிய அளவு வந்துகொண்டிருக்கும்; அடைப்பு தெரியாது. பம்பின் வேகம் இயல்பானதும் அடைப்பு வெளிப்படும். மிகைத் தைராக்சின் இதயத்தை விரட்டிச் சிறுநீரகத்துக்குச் செல்லும் இரத்தத்தைக் கூட்டுகிறது. ஆகவே சோதனையில் சிறுநீரகம் உள்ளதைவிட நலமாகத் தோன்றும். தைராய்டைச் சரிசெய்ததும் உண்மை நிலை தெரியும். எனவே மருத்துவர்கள் பல சமயங்களில் முதலில் சில வாரங்கள் மாத்திரை கொடுத்து, இரத்தத்தையும் சிறுநீரையும் மீண்டும் சோதித்துப் பார்க்கின்றனர். மாத்திரையை நிறுத்தினால் அதன் விளைவும் நீங்கிவிடும். ஊசியைத் திரும்பப் பெற இயலாது.

தத்தெடுப்பவர் போட வேண்டிய கணக்கு

இப்போது அட்டையை மீண்டும் படிப்போம். “நாள்தோறும் இருவேளை மருந்து” என்றால் ஆண்டுக்கு 730 வேளை. அத்தனை வேளையும் வீட்டில் யார் இருப்பார்? கதிரியக்க ஊசி போடும் வசதி எல்லா ஊரிலும் இல்லை. செலவும் ஒரே சமயத்தில் வரும். சிறுநீரகச் சோதனை நடந்ததா, இரத்த அழுத்தம் எவ்வளவு, கடைசியாக எடை பார்த்தது எப்போது என்று காப்பகத்தாரிடம் கேட்க வேண்டும். விடைகளைப் பார்த்தபின் “என்னால் இயலாது” என்று முடிவு செய்தால் அது கல்நெஞ்சம் ஆகாது. பாதியில் கைவிடப்படும் துன்பத்திலிருந்து பூனையைக் காக்கும் செயலே அது. இயலும் என்றால், பதின்மூன்று வயதுப் பூனைக்கு இன்னும் சில நல்ல ஆண்டுகள் இருக்கலாம். பதினெட்டு, இருபது வயது வரை வாழும் பூனைகளும் உண்டு.

வீட்டுக்கு வந்தபின் முக்கியமான கருவி ஒரு தராசு. பூனையைத் தூக்கிக்கொண்டு எடை இயந்திரத்தில் ஏறி, பிறகு தனியே ஏறிக் கழித்துப் பார்ப்பது பலரது வழக்கம். அந்த இயந்திரத்தின் மீச்சிற்றளவு அரை கிலோ என்றால், பூனை 200 கிராம் குறைந்தது தெரியவே தெரியாது. கைக்குழந்தைகளை நிறுக்கும் தராசு போல் சில கிராம் வரை காட்டும் ஒன்றில் வாரம் ஒருமுறை நிறுத்து, தேதியுடன் வரைபடத்தாளில் குறித்து வாருங்கள். கோடு கீழே இறங்குவது கண்ணுக்கு மெலிவு தெரியும் முன்பே தெரிந்துவிடும். மருத்துவரிடம் முதலில் காட்ட வேண்டியது அந்தத் தாளைத்தான்.

செய்து பாருங்கள்

1. சிதைவினால் மட்டுமே குறைவதாகக் கொண்டால், 40 நாட்களுக்குப் பின் அயோடின் 131 எவ்வளவு பங்கு எஞ்சும்?

2. பூனையிடமிருந்து 1 மீட்டரில் இருந்தவர் 3 மீட்டருக்கு விலகினால் கதிரின் செறிவு எத்தனையில் ஒரு பங்காகும்?

3. 3.2 கிலோ பூனை 160 கிராம் குறைந்தது. இது எத்தனை விழுக்காடு? 50 கிலோ எடையுள்ள மாணவர் இதே விழுக்காடு குறைந்தால் எத்தனை கிலோ குறைவார்?

விடைகள்: 1) 32-இல் ஒரு பங்கு. 2) 9-இல் ஒரு பங்கு. 3) 5 விழுக்காடு, 2.5 கிலோ.