தனுஷ்கோடி சொல்லும் பாடம்

நம் பலமனேரைச் சுற்றிக் குன்றும் காடும் உண்டு. கடல் இல்லை. ஆனாலும் நம் பெரியவர்கள் பலர் இராமேசுவரம் போய்க் கடலில் நீராடி வந்தவர்கள். இராமேசுவரம் ஒரு தீவு. அதன் நான்கு பக்கமும் கடல்.

பாம்பன் பாலம்

முன்பு இந்தத் தீவுக்குப் படகில்தான் போக வேண்டும். 1914-ம் ஆண்டு கடலின் மேல் ரயில் பாலம் திறந்தார்கள். நீளம் சுமார் 2 கிலோமீட்டர். கப்பல் வந்தால் பாலத்தின் நடுப்பகுதி இரண்டாகப் பிரிந்து மேலே தூக்கும். தொழிலாளர்கள்தான் அதைக் கையால் இயக்கினார்கள். 1988-ல் சாலைப் பாலமும் வந்தது. பழைய ரயில் பாலத்தில் 2022-ல் ரயில் நின்றது. 2025-ல் புதிய ரயில் பாலம் திறக்கப்பட்டது. அதன் நடுப்பகுதி மின்சாரத்தால் நேராக மேலே எழும்புகிறது.

தனுஷ்கோடி

தீவின் கிழக்கு முனை தனுஷ்கோடி. அங்கே துறைமுகம் இருந்தது. ரயில் நிலையம், தபால் ஆபீஸ், மாதா கோவில் எல்லாம் இருந்தன. சென்னையில் ஒரே டிக்கெட் வாங்கிக் கொழும்பு வரை போகலாம். தனுஷ்கோடி வரை ரயில். பிறகு தலைமன்னாருக்குக் கப்பல். அங்கிருந்து மறுபடி ரயில்.

1964 டிசம்பர் 22. இரவு நேரம். பெரும் புயல் அடித்தது. கடல் ஊருக்குள் புகுந்தது. தனுஷ்கோடிக்கு வந்த ரயிலை அலை அடித்துப் போனது. அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஊரே அழிந்தது. பாம்பன் பாலமும் உடைந்தது. அதை 46 நாளில் சரி செய்தார்கள். தனுஷ்கோடி ஊர் மட்டும் திரும்பவில்லை. மாதா கோவிலின் இடிந்த சுவர் இன்றும் மணலில் நிற்கிறது.

கூண்டு எண்

புயல் வருமுன் துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுவார்கள். 1-ம் எண் என்றால் புயல் தூரத்தில் உருவாகிறது. 8, 9, 10 என்றால் பெரிய ஆபத்து. மீனவர்கள் எண்ணை அறிந்து படகைக் கரையில் கட்டுவார்கள்.

கடலில் புயல் என்றால் நமக்கும் மழை. ஏரி நிரம்பும். கரை உடையும். எச்சரிக்கை பத்திரிகையில் வரும். போனிலும் வரும். அதைப் படியுங்கள். படிக்காத பக்கத்து வீட்டாருக்கும் சொல்லுங்கள். படித்த எழுத்து உயிரைக் காக்கும்.

விடை எழுதுங்கள்

1. பாம்பன் ரயில் பாலம் எந்த ஆண்டு திறந்தது?
2. தனுஷ்கோடி எப்படி அழிந்தது?
3. 10-ம் எண் கூண்டு எதைக் குறிக்கும்?

கூடிப் பேசுங்கள்

நம் ஊர் ஏரி நிரம்பினால் முதலில் யாருக்குச் சொல்ல வேண்டும்?